காலிக் குப்பிகள் கற்பித்த பாடம்

விடுதியில் என் அறைக்கு வருவோர் கண்ணில் முதலில் படுவன சன்னலோரப் பலகையில் வரிசையாக நிற்கும் காலிக் குப்பிகளே. சோப்புக் கட்டியின் மேலுறை ஒன்று. ஷாம்புக் குப்பி ஒன்று. தேங்காயெண்ணெய்க் குப்பி ஒன்று. வாசலைன் டப்பா ஒன்று. வெயில் தடுப்புக் களிம்பின் டியூப் ஒன்று. ஐந்தும் தீர்ந்துபோனவை. ஐந்தாவதற்கு அப்பால் ஒரு சாண் அளவுக்கு இடம் வெறுமையாக இருக்கும்.

இளங்கலை முதலாண்டில் சேர்ந்த நெல்லைப் பெண் ஒருத்தி சென்ற ஆகஸ்டில் முதன்முறை என் அறைக்கு வந்தாள். பலகையைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "என்ன அக்கா, கபாடிவாலாவுக்குப் போடச் சேர்த்து வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்டாள். "இல்லையம்மா, இவற்றிடம் நான் பாடம் கேட்கிறேன்" என்றேன். அவள் நம்பவில்லை. அவளுக்குச் சொன்ன விளக்கத்தையே சற்று விரித்து நம் சங்க மலருக்கு எழுதுகிறேன்.

கடையில் இருக்கும் நிறைந்த குப்பி நமக்கு வாக்குறுதி தருகிறது. தீர்ந்த குப்பியோ கணக்குத் தருகிறது. எத்தனை நாள் வந்தது, நாளொன்றுக்கு எவ்வளவு செலவாயிற்று, சொன்னதைச் செய்ததா, உள்ளே இருந்தது யாது என்னும் நான்கு வினாக்களுக்கும் அது விடை கூறும். ஆய்வுக்கூடத்தில் எடையும் நேரமும் குறிக்காமல் ஒரு சோதனையும் செய்யாத நாம், உடலில் நாள்தோறும் பூசும் பொருளுக்கு ஒரு குறிப்பும் வைப்பதில்லை. நான் செய்வது மிக எளிது. குப்பியைத் திறந்த நாளையும் தீர்ந்த நாளையும் அதன் அடியில் மையால் எழுதிவிடுவேன். அடுத்ததை வாங்குமுன் பழையதைக் கையில் எடுத்து ஒருமுறை படிப்பேன். இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது: சோப்பு

டில்லிக்கு வந்த முதல் வாரத்தில் நான் கண்ட அதிசயம், எவ்வளவு தேய்த்தாலும் நுரைக்காத சோப்பு. ஊரிலிருந்து கொண்டுவந்த அதே கட்டிதான். வாளியின் விளிம்பில் வெண்மையான பிசுக்குப் படிந்தது. குளித்து வந்தால் தோல் மாவு பூசியதுபோல் வெளிறிக் கிடந்தது. சோப்பு போலியோ என்று ஐயுற்றேன். குற்றம் சோப்பினுடையது அன்று, நீரினுடையது என்பதைப் பின்னரே அறிந்தேன்.

சோப்பு என்பது கொழுப்பு அமிலத்தின் சோடிய உப்பு. கடின நீரில் கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் அயனிகள் கரைந்திருக்கின்றன. சோப்பு அவற்றைச் சந்தித்தவுடன் நீரில் கரையாத கால்சியம் உப்பாகத் திரிந்துவிடுகிறது. அந்தத் திரிவே வாளி விளிம்பில் படிந்த பிசுக்கு. கால்சியமும் மக்னீசியமும் தீர்ந்த பிறகே நுரை எழும்.

விடுதிக் குழாய் நீரை ஒரு குடுவையில் ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துச் சென்றேன். அம்மோனியாத் தாங்கல் கரைசலும் எரியோகுரோம் பிளாக் டி என்னும் நிறங்காட்டியும் சேர்த்து, ஈ.டி.டி.ஏ. கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். செந்நிறம் நீலமாக மாறிய இடத்தில் நிறுத்திக் கணக்கிட்டேன். லிட்டருக்கு ஏறக்குறைய 400 மில்லிகிராம் கடினத்தன்மை. குடிநீருக்கு இந்தியத் தரநிர்ணயம் விரும்பும் எல்லை 200. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம்.

இந்த 400 என்ன செய்கிறது என்று தாளில் போட்டுப் பார்த்தேன். லிட்டருக்கு 400 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் என்றால் 4 மில்லிமோல். ஒவ்வொரு கால்சிய அயனியும் இரண்டு சோப்பு மூலக்கூறுகளை விழுங்கும். ஆகவே லிட்டருக்கு 8 மில்லிமோல் சோப்பு. சோடியம் ஸ்டியரேட்டின் மூலக்கூறு எடை 306, எனவே 2.4 கிராமுக்குச் சற்று மேல். பதினைந்து லிட்டர் வாளி முழுவதையும் நுரைக்க வைக்க வேண்டுமானால் 36 கிராம் சோப்பு, நுரை எழுவதற்கு முன்பே வீணாகிவிடும்! நாம் வாளி முழுவதையும் நுரைக்க வைப்பதில்லை என்பதால் பிழைத்தோம். ஆயினும் தோலில் தங்கும் வெளிறலுக்கு விளக்கம் இதிலேயே இருக்கிறது.

மேலுறையில் இன்னொரு பாடமும் உண்டு. மொத்தக் கொழுப்புப் பொருள் இத்தனை விழுக்காடு என்று டி.எஃப்.எம். என்னும் மூன்றெழுத்தின் பக்கத்தில் அச்சிட்டிருப்பார்கள். குளியல் சோப்பின் முதல் தரத்துக்குக் குறைந்தது 76, இரண்டாம் தரத்துக்கு 70, மூன்றாம் தரத்துக்கு 60. "பாத்திங் பார்" என்று அச்சிட்டிருந்தால் அது வேறு இனம். அதற்கு 40 இருந்தாலே போதும். அழகிய உறையும் மணமும் இந்த எண்ணைக் கூட்டுவதில்லை.

என் குறிப்பின்படி முதற்கட்டி 18 நாளில் தீர்ந்தது. அதே வகையில் அடுத்த கட்டி 29 நாள் வந்தது. இடையில் நான் செய்த மாற்றம் ஒன்றே. நீர் தேங்கும் கிண்ணத்தை விட்டு, அடியில் துளையுள்ள கிண்ணத்துக்கு மாறினேன். முதற்கட்டியில் பெரும்பங்கை என் உடல் பயன்படுத்தவில்லை, கிண்ணம் குடித்துவிட்டது.

இரண்டாவது: ஷாம்பு

சோப்பு தோற்ற நீரில் ஷாம்பு நுரைப்பது ஏன்? பெரும்பாலான ஷாம்புகளில் தொழில் புரிவது சோடியம் லாரெத் சல்பேட் போன்றதொரு பொருள். அதன் கால்சியம் உப்பும் நீரில் கரையும், ஆகவே திரிவதில்லை. சீயக்காயில் உள்ள சப்போனினும் சோப்பைப்போல் கால்சியத்தால் திரிந்துவிடுவதில்லை. நம் பாட்டிமார் கிணற்று உப்புநீரிலும் சீயக்காய் தேய்த்து முழுகினார்கள் என்றால் அதில் ஒரு வேதியியல் நியாயம் உண்டு. அதற்காகச் சீயக்காயைத் தெய்வமாக்க வேண்டியதில்லை. கண்ணில் பட்டால் எரியும். நீண்ட கூந்தலில் பொடி தங்கும். காலை எட்டு மணி வகுப்புக்கு முன் அலசி முடியாது.

என் காலிக் குப்பியின் முகப்பில் பெரிய எழுத்தில் சீயக்காய், நெல்லிக்காய்ப் படங்கள் இருந்தன. பின்புறம் திருப்பிப் பொருள் பட்டியலைப் படித்தேன். 2020-ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகளின்படி, 1 விழுக்காட்டுக்கு மேற்பட்ட பொருள்களை அளவின் இறங்கு வரிசையில் எழுத வேண்டும். அதற்குக் குறைந்தவற்றை எந்த வரிசையிலும் எழுதலாம். பாதுகாப்புப் பொருளான பீனாக்சி எத்தனால் 1 விழுக்காட்டுக்கு மேல் சேர்க்கத்தக்கதன்று. என் குப்பியில் சீயக்காயும் நெல்லிக்காயும் பீனாக்சி எத்தனாலுக்குப் பின்னால் நின்றன. எனவே அவை ஒவ்வொன்றும் 1 விழுக்காட்டைத் தாண்டியிருக்க முடியாது. முகப்பில் மணமகன், பந்தியில் கடைசி இலை! நண்பர்களே, இந்த ஓர் உபாயத்தை மட்டும் நினைவில் வைத்தால் முகப்புப் படத்துக்கு விலை கொடுக்க மாட்டீர்கள்.

அளவைப் பற்றியும் ஒரு சொல். 200 மில்லிலிட்டர் குப்பி 25 முழுக்கில் தீர்ந்தது. முழுக்குக்கு 8 மில்லிலிட்டர். அடுத்த குப்பியில் அளவைப் பாதியாக்கி, முதலில் சிறிது நீரில் கலக்கித் தேய்த்தேன். கூந்தலில் வேறுபாடு ஒன்றும் காணவில்லை. மாதச் செலவில் கண்டேன்.

ஷாம்புவை ஒருவேளைப் பொட்டலமாக விற்கும் முறைக்கும் நமக்கும் உறவு உண்டு. கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் அதன் முன்னோடிகளுள் ஒருவர். அவர் மகன் சி. கே. ரங்கநாதன் 1983-இல் தொடங்கிய நிறுவனத்தின் சிக் ஷாம்பு, சிற்றூர்க் கடைகளிலும் மாலை மாலையாகத் தொங்கியது. முழுக் குப்பி வாங்க இயலாதவர் வீட்டிலும் ஷாம்பு நுழைந்தது. ஆயினும் பல படலங்களை ஒட்டிச் செய்த அப்பொட்டலத்தை மறுபடி உருக்கிப் பயன்படுத்துவது கடினம். காலிக் குப்பியை எடுத்துக்கொள்ளும் கபாடிவாலா காலிப் பொட்டலத்தைத் தொடுவதில்லை.

மூன்றாவது: தேங்காயெண்ணெய்

சனவரி மாதத்தில் என் எண்ணெய்க் குப்பி கல்லாகிவிடும். லக்னோவைச் சேர்ந்த என் அறைத்தோழி, "இது கெட்டுவிட்டது, எறிந்துவிடு" என்றாள். தேங்காயெண்ணெய் ஏறக்குறைய 24 பாகை செல்சியசிலேயே உறையத் தொடங்கும். நம் ஊரில் அது உறைந்து நாம் பார்ப்பது அருமை. ஆகையால் உறைவதைக் கலப்படமென்று எண்ணுகிறோம். குப்பியை வெந்நீரில் ஐந்து நிமிடம் நிறுத்தினால் போதும்.

இந்த எண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். அதன் மூலக்கூறு சிறியது, நேரானது. மயிரிழையின் உள்ளே புகவல்லது. ரேலே, மொஹிலே என்னும் இருவர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில் தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டனர். மயிரிலிருந்து புரதம் கழிவதைக் குறைத்தது தேங்காயெண்ணெய் மட்டுமே. அவ்வாய்வு தேங்காயெண்ணெய் விற்கும் நிறுவனம் ஒன்றின் கூடத்தில் நடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. மேலும், மயிரைக் காப்பது வேறு. மயிரை வளர்ப்பது வேறு. முன்னதற்கு இந்த ஆய்வு சான்று, பின்னதற்கு அன்று.

இதை நான் பணம் கொடுத்துக் கற்றேன். முதலாண்டு அக்டோபரில் கடுங்காய்ச்சல் வந்து பத்து நாள் படுத்திருந்தேன். சனவரியில் சீப்பெங்கும் முடி. டில்லித் தண்ணீரைச் சபித்தேன். மூன்று வகைக் கூந்தல் தைலம் வாங்கினேன். மூன்றாம் தைலம் தீரும் வேளையில் முடி உதிர்வது நின்றது. அத்தைலத்தைத் தோழியரிடமெல்லாம் புகழ்ந்தேன். பிறகு படித்தபோது தெரிந்தது: கடுங்காய்ச்சலுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து முடி மிகுதியாக உதிர்வதும், சில மாதங்களில் தானே நிற்பதும் உடலின் இயல்பே. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. நான் காக்கைக்கு மாலை சூட்டிக்கொண்டிருந்தேன்!

எண்ணெயைத் தலைக்கு வைப்பதா, தாளிக்க வைப்பதா என்னும் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. சிறு குப்பியில் விற்பதனாலேயே தேங்காயெண்ணெய் கூந்தல் எண்ணெய் ஆகிவிடாது. அதைச் சமையல் எண்ணெயாகவும் கொள்ளலாம் என்று 2024 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. எந்த வரியில் சேர்ப்பது என்பதே அவ்வழக்கின் வினா. நம் வீடுகளில் அந்த ஐயம் ஒருநாளும் எழுந்ததில்லை.

நான்காவது: வாசலைன்

குளிர்காலக் காற்றில் நீராவி குறைவு. அத்துடன் நாம் கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் நெடுநேரம் குளிக்கிறோம். தோலின் மேற்படலத்தில் உள்ள கொழுப்புக் கரைந்து போகிறது. உள்ளிருக்கும் நீர் வெளியேறுகிறது. குதிகால் வெடிக்கிறது, உதடு பிளக்கிறது.

இதற்கு இரண்டு வகை மருந்து உண்டு. கிளிசரின் நீரை ஈர்த்துப் பிடிக்கும். வாசலைன் நீர் போகாமல் மூடி வைக்கும். பின்னது பெட்ரோலியத்திலிருந்து கிடைப்பது. அமெரிக்கரான ராபர்ட் செஸ்புரோ 1872-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். மூடி என்பது பானையில் நீர் இருந்தால்தான் பயன்படும். காய்ந்த தோலில் பூசினால் பயன் குறைவு. குளித்துத் துடைத்த ஈரம் அகலுமுன் பூசினால் நிறைவு. இதை அறியாத முதற்குளிர்காலத்தில் இரண்டு டப்பா தீர்ந்தது, வெடிப்பு ஆறவில்லை. அறிந்த பிறகு ஒரு டப்பா பங்குனி வரை வந்தது.

ஐந்தாவது: வெயில் தடுப்புக் களிம்பு

இந்த டியூபே எனக்குக் கணக்கின் அருமையை உணர்த்தியது. அடியில் எழுதிய தேதிகளின்படி 50 கிராம் டியூப் 150 நாள் வந்தது. சிக்கனமாக இருந்தோம் என்று மகிழ்ந்தேன். பிறகு வகுத்தேன், நாளொன்றுக்கு 0.33 கிராம்.

முகப்பில் எஸ்.பி.எஃப். 50 என்று அச்சிட்டிருந்தது. அந்த எண்ணை ஆய்வுக்கூடத்தில் அளப்பது எப்படி? ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசி அளக்கிறார்கள். முகத்தின் பரப்பு 500 சதுர சென்டிமீட்டர் என்று கொண்டால் 1 கிராம் வேண்டும். நான் பூசியது அதில் மூன்றிலொரு பங்கு. ஐம்பதுக்கு விலை கொடுத்து, அதில் ஒரு சிறு பகுதியின் பயனையே அடைந்திருக்கிறேன். அந்த டியூப் ஐந்து மாதம் வந்தது சிக்கனம் அன்று, வீண். ஷாம்புவில் அளவைக் குறைத்தது இலாபம், இங்கே அளவைக் குறைத்தது நட்டம். எதில் குறைக்கலாம், எதில் குறைக்கலாகாது என்பதைக் குப்பியின் விலை சொல்லாது. அதன் வேலைதான் சொல்லும்.

ஆறாவது இடம்

இப்போது அந்த வெற்றிடத்துக்கு வருகிறேன். இதை எழுதலாமா என்று இரண்டு நாள் தயங்கினேன்.

சென்ற ஆண்டு அண்ணன் திருமணத்துக்கு ஒரு மாதம் இருக்கையில் அத்தை தொலைபேசியில் என் முகம் பார்த்துப் பேசினார். "டில்லிக்குப் போய் இப்படிக் கறுத்துவிட்டாயேடி" என்றார். அன்பில் குறைவற்றவர், அவ்வளவுதான் சொன்னார். மறுநாள் ஒரு கடையில் முகம் வெளுக்கும் களிம்பு கேட்டேன். கடைக்காரர் உள்ளிருந்து ஒரு சிறு டியூபை எடுத்துத் தந்தார். பொருள் பட்டியல் இல்லை. செய்தவர் முகவரி இல்லை. வேதியியல் முதுகலை மாணவி நான். குழாய் நீரைக்கூட அளந்து பார்த்தவள், அந்த டியூபைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

மூன்று வாரத்தில் முகம் பளபளத்தது. எல்லோரும் பாராட்டினர். டியூப் தீர்ந்தது, எறிந்தேன். பத்து நாளில் முகம் சிவந்து எரிந்தது. கண்ணாடியில் கன்னத்து இரத்த நாளங்கள் தெரிந்தன. திருமணப் படங்களில் நான் எங்கும் ஓரத்தில் நிற்கிறேன்.

மருத்துவர் கேட்ட முதற்கேள்வி, "அந்த டியூப் எங்கே?" என்பதே. என்னிடம் இல்லை. "அறிகுறிகளைப் பார்த்தால் ஸ்டீராய்டு போலிருக்கிறது. எது, எவ்வளவு வீரியம் என்று தெரிந்தால் எனக்கு வழி எளிது. இப்போது ஊகித்துத்தான் நடத்த வேண்டும்" என்றார். குணமாக எட்டு மாதம் ஆயிற்று.

ஸ்டீராய்டு களிம்பு கெட்ட பொருள் அன்று; மருத்துவர் சொன்ன நோய்க்கு, சொன்ன நாள் வரை பூசினால் நல்ல மருந்தே. வெளுப்புக்காகப் பூசினால் தோலை மெலிவிக்கும், நிறுத்தினால் எரியும், எரிச்சல் தாளாமல் மறுபடி பூசத் தோன்றும். இதனாலேயே 2018-இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று விதித்தது. வேறு சில களிம்புகளில் பாதரசம் இருக்கும். அது தோல் நிறமி உண்டாவதைத் தடுக்கும். உடலினுள் புகுந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் சிறுநீரக நோயுற்ற சிலர் இத்தகைய களிம்பு பூசியவர்கள் என்பதை மருத்துவர்கள் அண்மையில் கண்டு எழுதினர். பாதரசத்துக்கு எதிரான மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018-இல் உறுதிசெய்தது. ஆனால் பட்டியலே இல்லாத டியூப் எந்த உடன்படிக்கையையும் படிப்பதில்லை.

நம் தோலின் கருமை ஒரு நிறமி. சூரியனின் புறஊதாக் கதிரை விழுங்கி உயிரணுவைக் காப்பது அதன் தொழில். ஒரு கையால் வெயில் தடுப்புக் களிம்பு பூசிக்கொண்டு, மறுகையால் இயற்கை தந்த தடுப்பை அழிக்க முயன்ற என் அறிவீனத்தை இன்று எண்ணினால் நாணமாக இருக்கிறது.

அந்த டியூபுக்கு உரிய இடமே பலகையில் வெறுமையாக இருந்தது. இருந்தது என்கிறேன், ஏனெனில் சென்ற வாரம் அது நிரம்பிற்று. நெல்லைப் பெண் வந்தாள். சிரிப்பு இல்லை. பையிலிருந்து சிறு டியூப் ஒன்றை எடுத்தாள். "அக்கா, பொங்கலுக்கு ஊருக்குப் போக வேண்டும். எல்லோரும் கறுத்துவிட்டேன் என்கிறார்கள். இதை நான்கு நாளாகப் பூசுகிறேன். நல்லதா என்று படித்துச் சொல்லுங்கள்" என்றாள். திருப்பித் திருப்பிப் பார்த்தோம். படிப்பதற்கு ஒன்றும் இல்லை. அதுவே விடை என்றேன். மறுநாள் டியூபோடு மருத்துவரிடம் போனோம். நான்கே நாள் என்பதால் கவலையில்லை என்றார்.

முக்கால்வாசி நிறைந்த அந்த டியூப் இப்போது என் பலகையில் ஆறாவதாக நிற்கிறது. அது மட்டும் தீரக் கூடாது.

நண்பர்களே, உங்கள் அறையிலும் குப்பிகள் தீர்ந்திருக்கும். எறியுமுன் ஒருமுறை திருப்பிப் படியுங்கள், தேதியைக் கணக்கிடுங்கள். பட்டியல் இல்லாத டியூப் எதுவும் கையில் இருந்தால் பூசுவதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் அதையும் எடுத்துக்கொண்டு போங்கள். தனியே போகக் கூச்சமாக இருந்தால், சங்கக் கூட்டம் முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள். நானும் உடன் வருகிறேன்.